திறந்திருந்த துளை

1

பிப்ரவரி 9, காலை: ஏரிக்கரை நிறுத்துமிடத்தில் நின்ற ஒரு வீட்டு வண்டிக்குள் கணவனும் மனைவியும் படுக்கையில் இறந்து கிடந்தார்கள். ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது. வண்டிக்குப் பாதுகாப்புச் சான்று இருந்தது. தரையில் இருந்த காற்றுத் துளை திறந்திருந்தது.

இந்தக் கதைக்கு விதை இவ்வளவுதான். செய்தித்தாளின் உள்பக்கத்தில் கிடந்த நாலு வரி. கடைசி வரி என்னை விடவில்லை. வேனை வீடாக மாற்றுகிறவர்களுக்கு ஒரு விதி உண்டு. ஹீட்டர் வைத்தால் தரையை ஒட்டி ஒரு துளை இருக்க வேண்டும், யாராலும் மூட முடியாதபடி. புதுக்காற்று வராவிட்டால் தூக்கத்திலேயே ஆள் போய்விடும். துளை திறந்திருந்தும் இவர்கள் எப்படிச் செத்தார்கள்?

2

வண்டியைக் கட்டிய ஃபிட்டரை முதலில் பேராசைக்காரனாக எழுதினேன். ‘அவன் கண்ணில் காசைத் தவிர…’ [அடித்துவிட்டேன். அப்படி ஒருவன் வந்தால் என் வேலை சுலபம், கதைக்குப் பிரயோஜனமில்லை.]

இப்போது அவன் இறந்தவளின் தம்பி. அக்காவுக்கும் அத்தானுக்கும் பார்த்துப் பார்த்துக் கட்டிய வண்டி அது. ஆய்வாளர் துளைமேல் உள்ளங்கையை வைத்து, காற்று வருகிறதா என்று பார்த்துச் சான்று தந்தார்.

கொஞ்ச நாளில் இருவரும் பட்டறைக்கு வந்தார்கள்.

“டேய், வண்டியா கட்டியிருக்கே? ஐஸ் பொட்டிடா அது. கால் மரத்துப்போகுது.”

“அந்த ஓட்டை இருக்கணும்க்கா. ரூல்.”

“ரூல் போட்டவன் வந்து என் காலைப் பிடிச்சு விடுவானா?”

அத்தான் சிரித்தார். “மச்சான், உங்கக்காகூட மாரடிக்கிறவன் நான்தான். ஏதாவது பண்ணுப்பா.”

(இடையில் ஒரு குறிப்பு: அந்தப் பட்டறையில் ஒரு பழக்கம் உண்டு. சான்று கைக்கு வந்ததும், கேட்கிறவர்களுக்குத் துளையில் ஒரு ரப்பர் மூடி செருகித் தருவார்கள். அதற்குப் பெயர் குல்லா. அடுத்த ஆய்வுக்கு முன் கழற்றிவிடலாம்.)

அக்காவுக்குப் போட்ட குல்லா மற்றவற்றைவிட உசத்தி. கம்பளி ஒட்டி, இம்மி இடைவெளி இல்லாமல் செய்திருந்தான்.

3

முடிவுகள்.

(அ) அக்கா தலைவலியோடு விழித்து, தட்டுத் தடுமாறிக் கதவை… [முடியாது. முதல் வரியிலேயே அவளைச் சாகடித்துவிட்டேன்.]

(ஆ) உடல்களை எடுத்தாகிவிட்டது. வண்டியைக் காட்ட ஃபிட்டரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆய்வாளர் இன்னும் வரவில்லை. அவன் உள்ளே தனியாக நின்று, துளைமேல் கிடந்த கால்மிதியைப் புரட்டுகிறான். குல்லா அப்படியே இருக்கிறது. இதுவரை யார் கண்ணிலும் படவில்லை. கழற்றிக் கையில் எடுக்கிறான். வாசலில் அக்கா மகள்.

“மாமா, அப்பாதான் ஹீட்டரை ஏதோ பண்ணிட்டார்னு சொல்றாங்க. அப்படியா மாமா?”

அவனுக்கு மற்ற வண்டிகள் நினைவுக்கு வருகின்றன. இந்தக் குளிரில், குல்லாவோடு, உள்ளே ஆட்கள் தூங்க. இப்போது வாயைத் திறந்தால் அத்தனை பேரையும் எழுப்பிவிடலாம்.

இங்கே அவனைப் பேச வைத்தேன். ‘நான்தாம்மா…’ என்று ஆரம்பிக்கும் நல்ல பத்தி. ஆனால் அது நிற்க வேண்டுமானால் அந்தச் செய்தியின் கடைசி வரியை மாற்ற வேண்டும். அந்த வரியில் கைவைக்க எனக்கு உரிமையில்லை. வாசகரே, உங்களால் முடிந்தால் மாற்றிக்கொள்ளுங்கள்.

4

“தெரியலம்மா” என்றான். கை கோட்டுப் பைக்குள் இருந்தது.

ஆய்வாளர் வந்து துளைமேல் உள்ளங்கையை வைத்தார். காற்று வந்தது.