உதட்டசைவு

"சிஸ்டர், ஆக்ஸிஜன் சிலிண்டர்ல முள்ளு இறங்கிட்டே வருது" என்று மூன்றாவது தடவையாகச் சொன்னேன். கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்காமலே, "பெட் காலியானா நாங்களே கூப்பிடுவோம், தள்ளி நில்லுங்க" என்றாள் நர்ஸ். அப்புறம்தான் நிமிர்ந்து முகத்தைப் பார்த்தாள். "ஐயோ, நீங்களா சார்! குரலைக் கேட்டு வேற யாரோன்னு நினைச்சுட்டேன்." அவள்மேல் தப்பில்லை. குரலை வைத்து என்னை இதுவரை யாரும் கண்டுபிடித்ததில்லை.

என் மனைவி வராந்தாவில், சுவரோரமாக, ஸ்ட்ரெச்சரில் கிடந்தாள். எட்டரைக்குக் கொண்டுவந்தேன். இப்போது மணி பதினொன்று. உள்ளே பன்னிரண்டு கட்டில், பன்னிரண்டிலும் ஆள். மூச்சை இழுக்கும்போதெல்லாம் அவளுடைய தொண்டைக்குழி உள்ளே போய் வந்தது. சிலிண்டரில் முள் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. அதைப் பார்ப்பதும் அவளைப் பார்ப்பதுமாக நின்றேன். என்னைச் சுற்றிப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். ஒருவன் என் தோளில் கையைப் போட்டுச் செல்ஃபி எடுத்தான், பின்னால் ஸ்ட்ரெச்சர் தெரியும்படி. ஏதோ ஒரு படத்தில் கதாநாயகனின் தங்கையை நான் கிணற்றில் தள்ளியதை இன்னும் மன்னிக்கவில்லை என்று ஓர் அம்மாள் முகத்துக்கு நேராகவே சொன்னார். "சார், ஒரே ஒரு தடவை, அந்த டயலாக்!" என்று இன்னொருவன் கெஞ்சினான். என்ன ஜென்மங்களோ!

முப்பத்தோரு வருஷமாக நான் வில்லன். ஊரைக் கொளுத்தியிருக்கிறேன், தாலியை அறுத்திருக்கிறேன், கடைசி ரீலில் அடிபட்டு ஒழுங்காகச் செத்தும் போயிருக்கிறேன். ஆறடி உடம்பு, அம்மைத் தழும்பு முகம், தானாக மேலே ஏறுகிற ஒற்றைப் புருவம் என்று எல்லாவற்றையும் கொடுத்த கடவுள் குரலில் மட்டும் கஞ்சத்தனம் பண்ணிவிட்டான். முதல் படத்துக்கு டப்பிங் பேசப் போனபோது, "உன்னை விடமாட்டேன்டா" என்று நான் கத்தியதும் சவுண்ட் இன்ஜினியர் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சளிப் பிடித்த குழந்தை மிட்டாய் கேட்கிற மாதிரி இருந்ததாம். வெளியே பீடி குடித்துக்கொண்டிருந்த ஒரு குள்ள மனிதரை உள்ளே கூட்டிவந்தார்கள். மைக் எட்டவில்லை என்று ஸ்டூல் போட்டார்கள். அவர் ஏறி நின்று, திரையில் என் உதட்டைப் பார்த்தபடி வாயைத் திறந்தார். எனக்கே என்னைப் பார்த்துப் பயமாகிவிட்டது. அன்றிலிருந்து அவர்தான், நான் மைக் அண்ணன் என்று கூப்பிடுகிற அவர்தான், என் குரல். மேடைக்குக் கூப்பிட்டால் ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்கிவிடுவேன். திமிர் பிடித்தவன் என்று பெயர் வந்தது. வில்லனுக்கு அது நல்ல பெயர்தான் என்று விட்டுவிட்டேன்.

"நீங்க ஒரு அதட்டு போட்டீங்கன்னா கட்டில் தானா நடந்து வரும் சார்" என்றான் செல்ஃபிக்காரன். கிண்டலாகத்தான் சொன்னான். நான் அதை நிஜமாகவே எடுத்துக்கொண்டேன். வார்டுக் கதவின் முன்னால் போய் நின்று, "டாக்டர் இப்பவே வெளிய வரணும்!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினேன். மொத்த வராந்தாவும் சிரித்தது. "சார் காமெடியும் நல்லாப் பண்றாரே!"

போனை எடுத்தேன்.

"அண்ணே, ஆஸ்பத்திரியில இருக்கேன். உங்க தங்கச்சிக்கு மூச்சு முட்டுது. இடம் இல்லைங்கறாங்க. நம்ம குரல்ல ஒரு சத்தம் போடுங்கண்ணே."

மறுமுனையில் இருமினார். "அடக்கடவுளே! ஆனா தம்பி, நானா எப்படிடா பேசுவேன்? மாடி வீட்டுக்காரன் என் தலையில தண்ணிய ஊத்தினாக்கூட நான் வாயைத் திறக்கமாட்டேன். உன் உதடு அசையணும்டா. அதைப் பாத்தாத்தான் எனக்கு அந்தக் குரல் எழும்பும்."

"அண்ணே, விளையாடுற நேரமா இது?"

"சத்தியமாத்தான் சொல்றேன். வீடியோவுல வா. நீ வாயை அசை, நான் போட்டுடறேன்."

அப்படியொரு கூத்தையும் பண்ணினேன். ஸ்பீக்கரை முழுசாக ஏற்றி, போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, புருவத்தைத் தூக்கி, உதட்டை மட்டும் அசைத்தேன். அரை நொடி கழித்து, "டாக்டர்! ஒரு உயிர் இங்க வெளிய கிடக்குது. கதவைத் திறங்க!" என்று வராந்தா அதிர்ந்தது. நர்ஸ் எழுந்து நின்றுவிட்டாள்.

கதவு திறந்தது. சத்தியமாக நம்பினேன், வேலை முடிந்தது என்று.

சின்ன வயசு டாக்டர். கண்ணெல்லாம் சிவந்து, எப்போது தூங்கினாரோ தெரியவில்லை. "நான் உங்க ரசிகன் சார்" என்றார். "வேற சிலிண்டர் கேட்டிருக்கேன், எப்ப வரும்னு தெரியலை. பெட் இல்ல சார். நீங்களே உள்ள பாருங்க. பன்னிரண்டு பேர்ல யாரை இறக்கணும், சொல்லுங்க, இறக்கிடறேன்."

பார்த்தேன். கதவோரக் கட்டிலில் என் வயதுக்காரர் ஒருவர், போர்வையை மார்போடு இறுக்கிப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பயந்திருந்தார். நான் அவரை இழுத்துப் போட்டுவிடுவேன் என்றே நினைத்திருக்க வேண்டும். எத்தனையோ பேரைப் பயமுறுத்திச் சம்பாதித்தவன் நான். அந்த முகத்தை மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை.

கதவு மூடிக்கொண்டது. பின்னால் கைதட்டினார்கள். விசில் பறந்தது. "ஒன்ஸ் மோர்" என்றார்கள்.

ஸ்ட்ரெச்சரிடம் வந்தேன். அவள் மாஸ்க்கைக் கொஞ்சம் விலக்கி, "என்னங்க, என்ன சொன்னாங்க?" என்றாள். குனிந்தேன். இடமில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். உதடு அசைந்ததே தவிர, இருக்கிற அந்தக் கீச்சுக் குரலும் வரவில்லை.

கையிலிருந்த போனை நான் அணைத்திருக்கவில்லை. மைக் அண்ணன் அதிலிருந்து என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இடத்துக்குச் சொல்லியாச்சும்மா" என்றது குரல். முப்பத்தோரு வருஷத்தில் அது இவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. "இதோ வந்துருவாங்க. பயப்படாதே. நான் இங்கயேதான் இருக்கேன்."

அவள் என் முகத்தையே பார்த்தாள். மாஸ்க்கை மறுபடி பொருத்திக்கொண்டு, என் சுண்டுவிரலைப் பிடித்தபடி கண்ணை மூடினாள். முள் சிவப்புக் கோட்டைத் தொட்டிருந்தது. அந்தக் குரல் நின்றுவிடக் கூடாதே என்று நான் உதட்டை அசைத்துக்கொண்டே இருந்தேன்.