மாடி மாத்திரை, கீழ்வீட்டு மாத்திரை

என் அண்ணிகள் இரண்டு பேருக்கும் ஆகவே ஆகாது. பெரியவள் மாடி, சின்னவள் கீழ்வீடு. நடுவில் மாட்டிக்கொண்டவர் என் அப்பா. காலையில் மாடியில் சாப்பாடு, இரவில் கீழே. நான் நாலு தெரு தள்ளி தையல் கடையில் குனிந்து கிடப்பவள், எனக்கு எந்தக் கூத்தும் தெரியாது.

முழங்கால் வலிக்கு டாக்டர் வைட்டமின் டி எழுதிக் கொடுத்திருந்தார். வாரம் ஒன்று, எட்டு வாரத்தோடு நிறுத்த வேண்டும். மற்றவள் எங்கே வாங்கித் தரப்போகிறாள் என்று இரண்டு மகாராணிகளும் தனித்தனியாக வாங்கினார்கள். அப்பா தெருமுனை வரை நடந்ததும், என் கவனிப்புதான் என்று பெரியவள் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டாள். சின்னவளுக்கு வயிறு எரிந்தது. வாரத்துக்கு ஒன்று தினம் ஒன்றானது. கீழே மாமனாருக்கு ஏதோ பலமாகக் கொடுக்கிறார்கள் என்று மோப்பம் பிடித்த பெரியவளும் தினமும் கொடுத்தாள். எட்டு வாரமாவது மண்ணாங்கட்டியாவது, மாதக்கணக்கில் நடந்திருக்கிறது.

அப்பாவுக்கு முதலில் வாந்தி, பிறகு மலச்சிக்கல், ஓயாத தாகம். மாடி எண்ணெய் என்றாள் சின்னவள், கீழ்வீட்டுக் காரம் என்றாள் பெரியவள். போன வாரம் என்னையே யாரம்மா நீ என்று கேட்டார். அள்ளிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

ரத்தத்தில் கால்சியம் எக்கச்சக்கமாக ஏறி சிறுநீரகத்தைப் பதம் பார்த்துவிட்டது என்றார் டாக்டர். சத்து மாத்திரைதானே என்று நினைப்பது தப்பாம். இந்த வைட்டமின் உடம்பிலேயே தங்கிவிடுமாம், நிறுத்தினாலும் இறங்க நாளாகுமாம். சிறுநீரகம் பழையபடி தேறுமா என்று கேட்டேன். இப்போது சொல்ல முடியாது என்றார்.

வராந்தாவில் வைத்து இருவரையும் கிழிகிழியென்று கிழித்தேன். அப்போதும் ஒருத்தியை ஒருத்தி கைகாட்டினார்களே தவிர, உள்ளே போய் அந்த மனுஷன் முகத்தைப் பார்க்கத் துப்பில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சலைன் ஏறி இரண்டு நாளில் அப்பாவுக்குத் தெளிவு வந்தது. கட்டில் பக்கம் போய் அவரையும் பிடிபிடியென்று பிடித்தேன்.

"ரெண்டு பேரும் குடுக்குறாங்கன்னு உங்களுக்குத் தெரியும்ல? ஏம்பா வாயே திறக்கல? என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"ஒருத்திகிட்ட வேண்டாம்னா, இன்னொருத்தி பக்கம் சாஞ்சுட்டேன்னு சொல்லுவா" என்றார். "உன்கிட்ட சொன்னா நீ வந்து வீட்டையே ரெண்டாக்கிருவே. அதுக்கு மாத்திரையே தேவலைன்னு முழுங்கிட்டேன்."

நாக்கு வறண்டு உதட்டை நக்கினார். டம்ளரை எடுத்து நீட்டினேன். அவர் அதை மூன்றாவது மாத்திரையைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, வாங்காமல், அடுத்த கட்டிலருகே நின்ற நர்ஸைக் கூப்பிட்டுத் தண்ணீர் கேட்டார்.