ரிங் போகுது

டுர்ர்ர்... டுர்ர்ர்... என்று கூடத்திலிருந்து வந்தது சத்தம், ஸ்பீக்கரில், வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி, உடனே போகுது போகுது ரிங் போகுது என்று நாலைந்து குரல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி விழ, குளியலறையில் ஷேவ் செய்துகொண்டிருந்த என் கை ஒரு துள்ளு துள்ளிக் கன்னத்தில் கோடு போட்டுவிட்டது. இதோ கட் ஆகும் பார் என்று கண்ணாடியில் தெரிந்த என் மூஞ்சியிடமே சொன்னேன், கட் ஆனது. ஒவ்வொரு தடவையும் இதே கதைதான், இரண்டு முறை அடிக்கும், அப்புறம் செத்த அமைதி... என்ன வார்த்தை இது, வேறு வார்த்தையே கிடைக்கவில்லையா எனக்கு. எடுக்கலையா, தூங்கறானோ என்னமோ என்று அம்மாவின் குரல். தூங்குகிறானாம். இருநூற்றுச் சொச்சம் பேரோடு ஒரு விமானம் கடலுக்கு மேலே காணாமல் போய் நாலைந்து நாளாகிறது, ரேடாரில் புள்ளியாக இருந்தது, அடுத்த சுற்றில் இல்லை, அந்த விமானத்தில் என் தம்பி, அவன் சட்டைப் பையில் ஒரு போன், அது அடித்துக்கொண்டிருக்கிறதாம், சார் தூக்கக் கலக்கத்தில் எடுக்கவில்லையாம். துண்டால் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தால் கூடம் நிறைய ஜனம், செருப்புகள் படி வரை வழிந்து கிடக்கின்றன, என் வீட்டில் எனக்கு உட்கார நாற்காலி இல்லை.

எத்தனை தடவை சொல்வது... போன் கம்பெனியில் வேலை பார்க்கிறவன் நான், ஒரு அழைப்பு எந்த டவரைப் பிடித்து எந்த வழியாகப் போகிறது என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு, முதல் நாளே எல்லாரையும் உட்கார வைத்து ஒரு காகிதத்தில் படம் போட்டே காட்டினேன். நாம் கேட்கிற டுர்ர்ர் இருக்கிறதே, அது அந்தப் பக்கத்துப் போனிலிருந்து வருவது இல்லை, இந்தப் பக்கம் நம் காதுக்காக கம்பெனி போடுகிற சத்தம், கொஞ்சம் பொறு, தேடிக்கொண்டிருக்கிறேன் என்று அதற்கு அர்த்தம், வெளிநாட்டு அழைப்பு என்றால் கம்பெனி கம்பெனியாகக் கைமாறித் தேடும், அந்த நேரத்துக்குள் சில சமயம் இரண்டு ரிங் கேட்டுவிடும், ஆள் கிடைக்கவில்லை என்றதும் கட். அவ்வளவுதான் விஷயம். தண்ணீருக்கு அடியில் இருந்தாலும் இப்படித்தான் கேட்கும், என்று வாய் வரை வந்ததை மட்டும் விழுங்கிவிட்டேன். அதற்கே என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, ஏதோ நானே போய் அந்த ரிங்கைக் கத்தரித்துவிட்டு வந்த மாதிரி. அதே வாயால், நீதானே போன் கம்பெனியில இருக்கே, அவன் எங்க இருக்கான்னு லொகேஷன் போட்டுப் பாரேன் என்று கேட்கவும் செய்தார்கள். பார்க்காமலா இருப்பேன். பார்த்தாகிவிட்டது. அவன் போன் கடைசியாக சிக்னல் பிடித்தது வேலைக்குப் போயிருந்த வெளிநாட்டு ஊர் விமான நிலையத்தில், ஏறுகிற வாசலுக்குப் பக்கத்தில், அப்புறம் அவனே அணைத்திருக்கிறான், அணைக்கச் சொன்னால் உண்மையிலேயே அணைக்கிற ஒரே மனுஷன் உலகத்தில் அவன்தான். யாரிடம் சொல்ல இதை? சொன்னால் மட்டும்?

வானொலி மாமா சோபாவின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார், அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி, எந்தச் செய்தியும் அவரைத் தாண்டித்தான் வீட்டுக்குள் வரும் என்பதால் நாங்கள் சின்ன வயதில் வைத்த பெயர், இப்போது கைக்கு ஒரு போன், எதிரே டிவி, மனுஷன் முழு அலைவரிசையில் ஓடிக்கொண்டிருக்கிறார். முதல் நாள் கடத்தல் என்றார். மறுநாள் வால் பகுதியில் விரிசல், நான் நேத்தே சொன்னேனே என்றார். நேற்று ஏதோ கைவிடப்பட்ட ராணுவ ஓடுதளத்தில் பத்திரமாக இறக்கிவிட்டார், பயணிகளுக்குப் பிஸ்கட் கூடக் கொடுத்துவிட்டார்கள் என்று அவருக்குத் தகவல். டிவி மட்டும் யோக்கியமா, ஒரு சேனலில் விமானம் இடது பக்கம் திரும்பியது, அடுத்த சேனலில் திரும்பவே இல்லை, மஞ்சளாக ஏதோ மிதக்கிறது என்று அரை நாள் காட்டினார்கள், அது கதவு என்றார் ஒருவர், உயிர்காக்கும் உடை என்றார் இன்னொருவர், கடைசியில் பார்த்தால் எவனோ மீன்பிடிக் கப்பலிலிருந்து வீசிய பிளாஸ்டிக் பீப்பாய் மூடி, அதற்கு யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை, நேராக எண்ணெய்ப் படலத்துக்குப் போய்விட்டார்கள். ஓய்வு பெற்ற விமானி ஒருவர் பொம்மை விமானத்தைக் கையில் வைத்துக்கொண்டு இப்படிப் போயிருக்கலாம், அல்லது இப்படி, என்று மேஜையில் கவிழ்த்துக் கவிழ்த்துக் காட்டுகிறார், அம்மா பார்த்துக்கொண்டிருக்கிறாள், அந்த ஆள் பொம்மையைக் கவிழ்க்கும்போதெல்லாம் அம்மாவின் கை நாற்காலிப் பிடியை இறுக்குகிறது, யாராவது அந்த டிவியை அணையுங்களேன்... அணைத்தால் அம்மாவே எழுந்து போய்ப் போடுவாள். விமானக் கம்பெனியைக் கூப்பிட்டால் ஒவ்வொரு தடவையும் ஒரு புதுப் பெண், ஒவ்வொருத்தியிடமும் முதலிலிருந்து எல்லாம் சொல்ல வேண்டும், தகவல் வந்ததும் நாங்களே கூப்பிடுவோம் சார் என்கிறார்கள், இதுவரை ஒருத்தியும் கூப்பிட்டதில்லை.

அரசாங்கத்தின் பேச்சாளர் என்று ஒருத்தர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு வருவார், அவருக்கும் ஒன்றும் தெரியாது, தெரியாததை நீளமாகச் சொல்லத் தெரியும். காலையில் சொன்னார், இத்தனை நாள் தேடியதில் ஒரு தடயமும் இல்லை, செலவு, வானிலை, கப்பல்களைத் திரும்ப அழைப்பதா வேண்டாமா என்று இன்று சாயங்காலம் கூடி முடிவெடுப்போம் என்று. சரி, அப்படியாவது ஏதோ ஒன்றை முடிவெடுங்கள் என்று எனக்கு... அப்படி நினைத்தேனா நான்? நினைத்தேன், ஒரு விநாடி. அதற்குள் ஒரு நிருபர் எழுந்து, பயணிகளின் போன் இன்னும் ரிங் ஆகிறது என்று குடும்பத்தார் சொல்கிறார்களே என்று கேட்டுவிட்டார், யார் அந்தக் குடும்பத்தார், நாங்கள்தான், எங்கள் வீட்டு ஸ்பீக்கர்தான் முந்தாநாள் முதல் எல்லா சேனலிலும் அலறிக்கொண்டிருக்கிறது. பேச்சாளர் கண்ணாடியை இறக்கினார், ஏற்றினார், அதையும் விசாரிக்கிறோம், அது தெளிவாகும் வரை தேடுதலை நிறுத்தும் பேச்சு இல்லை என்றார். பார்த்தீங்களா என்று மாமா தொடையில் தட்டினார். எனக்கு நெற்றியில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது, ஒரு அரசாங்கம், அதற்கு ஆயிரம் அதிகாரிகள், எவனாவது ஒருத்தன் ஏதாவது ஒரு போன் கம்பெனிக்கு ஒரு போன் போட்டுக் கேட்டால் அரை நிமிடத்தில் சொல்லிவிட மாட்டானா அது என்ன சத்தம் என்று.

தம்பியாவது... ஒழுங்காக இருந்த நாளிலேயே போனை எடுக்க மாட்டான். அதுதான் எனக்கு ஆத்திரம். என் தம்பிக்கு எப்போது போன் செய்தாலும் முழுதாக அடித்து ஓயும், பத்து நிமிடம் கழித்து அவனே கூப்பிடுவான், கூப்பிட்டியாண்ணே என்பான், ஒன்றுமே நடக்காத மாதிரி. கேட்டால், கையெல்லாம் கிரீஸ். லிஃப்ட் மெக்கானிக் அவன், வேலை நேரத்தில் பாதி நாள் ஏதாவது ஒரு கட்டடத்தின் உச்சியில் மோட்டார் அறைக்குள் இருப்பான், இப்போதும் வெளிநாட்டில் புதுசாக எழும்புகிற ஒரு கட்டடத்துக்கு லிஃப்ட் மாட்டத்தான் போனான், மூன்று மாத வேலை, கம்பெனி டிக்கெட், முடித்துத் திரும்பும்போதுதான் இது. லிஃப்டில் ஜனம் மாட்டிக்கொண்டால் அவனுக்குத்தான் அழைப்பு வரும், ஒரு தடவை என் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்துகொண்டிருந்தான், ஊரின் அந்தக் கோடியில் எங்கோ ஒரு குடும்பம் மாட்டிக்கொண்டு அலறுகிறது, இவன் போனில், இதோ கீழதாம்மா நிக்கிறேன், ரெண்டு நிமிஷம், கதவைத் தட்டாதீங்க என்கிறான், நாங்கள் நகரவே நகராத நெரிசலில் ஒரு லாரிக்குப் பின்னால். ஏன்டா பொய் சொல்றே என்றேன். நெசத்தைச் சொன்னா கதவை ஒடைக்கப் பாப்பாங்கண்ணே, நான் போற வரைக்கும் அவங்க அங்கயே இருக்கணும்ல என்றான். பொய் பொய்தான்டா என்று நான் ஒரு பிரசங்கம் செய்தேன், இறங்குகிற வரை. அவன் ஹெல்மெட்டுக்குள் விசில் அடித்துக்கொண்டு வந்தான், எருமை. கூப்பிட்டியாண்ணே என்று இப்போது ஒரு தடவை கேட்டுத் தொலையேன்டா.

அவன் மனைவியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அழுதால்கூடப் பரவாயில்லை, அழவில்லை. தலையை வாரிக்கொண்டு, இஸ்திரி போட்ட உடையில், போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், வாசல் மணி அடித்து யாராவது உள்ளே வந்தால்தான் அவள் கை போனுக்குப் போகிறது, சொந்தக்காரர் வந்தால் ஒரு தடவை, மாடி வீட்டுக்காரர் வந்தால் ஒரு தடவை, மைக்கைத் தூக்கிக்கொண்டு வந்தால் மூன்று தடவை, கேமரா சரியாக விழுகிறதா என்று காத்திருந்து அவன் நம்பரை அழுத்துகிறாள். ஜனம் போன பிறகு நான் பார்த்திருக்கிறேன், போன் மேஜையில் கவிழ்ந்து கிடக்கும், அவள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அப்படி என்ன டிவி ஆசை... நேற்று என் மனைவியிடம் கொட்டித் தீர்த்தேன், உங்களுக்கு வாயில நல்ல வார்த்தையே வராதா என்று அவள் என்னையே கடித்தாள். சரி, நான்தான் கெட்டவன். ஆனால் அம்மா? அம்மா குளித்து இரண்டு நாளாகிறது, குளிக்கிற நேரம் பார்த்து அவன் கூப்பிட்டால் என்ன செய்வது என்று, தன் போன் சார்ஜரின் வயர் நீளத்துக்குள்தான் அம்மாவின் உலகம், ஒவ்வொரு டுர்ர்ர்ருக்கும் அவள் கழுத்து முன்னால் நீள்கிறது, கட் ஆனதும் உள்ளே போகிறது, இதை ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஒரு கிழவியின் உடம்பு தாங்கும்? இந்தப் பெண்ணுக்கு அது கண்ணில் படவில்லையா?

வாசல் மணி. மறுபடி டிவிக்காரர்கள், இந்தத் தடவை பெரிய கேமரா, கசங்கின சட்டையில் ஒரு நிருபர், மூன்று மணிச் செய்தியில் நேரலையாம், வந்ததும் அம்மாவின் நாற்காலியை வெளிச்சத்துக்கு நகர்த்தச் சொன்னார், சுவரிலிருந்த காலண்டரைக் கழற்றச் சொன்னார், கழற்றிக் கொடுத்தது யார், வானொலி மாமாதான், கழற்றும்போதே என்னைப் பற்றியும் ஒலிபரப்பிவிட்டார். நிருபர் என்னிடம் வந்து, சார் நீங்க போன் கம்பெனியிலயே இருக்கீங்களாமே, ரொம்ப நல்லதாப் போச்சு, உங்க தம்பி ஒய்ஃப் டயல் பண்ணி முடிச்சதும் நான் உங்கள்ட்ட வர்றேன், இது என்ன சத்தம்னு நீங்களே சொல்லுங்க, பேச்சாளரும் லைன்ல இருப்பார் என்றார். மைக்கை எடுத்து என் சட்டையில் எங்கே குத்தலாம் என்று தேடினார். அப்பாடா. எனக்கு அதுதான் தோன்றியது, அப்பாடா, நாலைந்து நாளில் முதல் தடவையாக ஒருத்தர் நேராக ஒரு கேள்வி கேட்கிறார், எனக்கு அதற்கு விடை தெரியும், படம் போட்டதையெல்லாம் நாலு வாக்கியத்தில் சொல்லிவிடுவேன், ஊர் கேட்கட்டும், பேச்சாளர் கேட்கட்டும், அம்மா கேட்டு ஒரேயடியாக அழுது தீர்த்துவிட்டு எழுந்து போய்க் குளிக்கட்டும். ஒரு நிமிடம் என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்க சமையலறைக்குப் போனேன்.

தம்பி மனைவி அங்கே இருந்தாள். குழாயைத் திறந்து முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள், திரும்பியபோதுதான் கண்ணைக் கிட்டத்தில் பார்த்தேன், இமை இரண்டும் வீங்கித் தடித்திருந்தன, குரல் வெளியே வராமல் அழுது அழுது அப்படி ஆகியிருக்க வேண்டும், எப்போது அழுகிறாள், எங்கே, நான் பார்த்ததே இல்லையே. முகத்தைத் துடைத்துக்கொண்டு, கலைந்த முடியை ஒதுக்கி, எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்துக் கொடுத்தாள். இதுதான் சமயம் என்று நானும் ஆரம்பித்துவிட்டேன், எப்போதும் போல அவள் முகத்தைப் பார்க்காமல் டம்ளரைப் பார்த்து. இன்னைக்கு அவங்ககிட்ட நான் சொல்லிடப் போறேன்ம்மா, அது வெறும் சத்தம்தான்னு, அம்மாவால இதுக்கு மேல தாங்க முடியாது, நீயும் எத்தனை நாள் ஏமாந்துக்கிட்டே இருப்பே. கூடத்திலிருந்து நிருபர் குரல் கொடுத்தார், சார் வாங்க, ரெண்டு நிமிஷம்தான் இருக்கு. அவள் பதறவில்லை. கதவை மெதுவாகப் பாதி சாத்தினாள், அம்மா உட்கார்ந்திருந்த பக்கம் ஒரு தரம் எட்டிப் பார்த்துக்கொண்டாள், அப்புறம் போனை உடையில் துடைத்து, சார்ஜ் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தபடியே என்னிடம் சொன்னாள்:

"முதல் நாள் நீங்க படம் போட்டுக் காட்டினப்பவே எனக்குப் புரிஞ்சிடுச்சு அத்தான். ஆனா ரிங் போற வரைக்கும்தானே அவரைத் தேடுவாங்க."