ஆறாவது குமிழ்

மைத்துனன்மேல் பாம்புச்செவிக்கு இருந்ததைச் சந்தேகம் என்று சொல்ல முடியாது. சந்தேகத்தைத் தாண்டி ஒரு வாரமாகிவிட்டது. கையும் களவுமாகப் பிடிப்பது மட்டும்தான் பாக்கி.

அவர்கள் வேலை பார்த்த இரவு விடுதி ஒரு செருப்புக் கடைக்குக் கீழே, பதினெட்டுப் படி இறங்கிப் போகும் நிலவறையில் இருந்தது. வாரத்துக்கு ஒரு நாட்டிலிருந்து ஆட்கள் வந்து நேரில் வாசிப்பார்கள். எந்த நாட்டு வாத்தியமானாலும் அதைக் கூட்டிக் குறைத்து, கேட்பவர் காதுக்குப் பதமாகக் கொண்டு சேர்ப்பது பாம்புச்செவியின் வேலை. பதினேழு வருஷமாக அதே ஒலி மேசை, அதே நாற்காலி. ஒரு தந்தி இம்மி இறங்கினாலும் கண்டுபிடித்துவிடுவார் என்பதால் வந்த பட்டம்தான் பாம்புச்செவி. சொந்தப் பெயர் சம்பளச் சீட்டோடு சரி. மனைவி வாசலில் டிக்கெட் கொடுப்பாள். அவள் தம்பி விளக்குப் போடுவான். வீட்டுச் சண்டையை வேலைக்கும் வேலைச் சண்டையை வீட்டுக்கும் தூக்கிப்போக இதைவிட வசதி வேண்டுமா?

ஆறு மாதத்துக்கு முன்னால் முதலாளியம்மா கூப்பிட்டு, "சத்தம் காதைக் குத்துதுன்னு நிறையப் பேர் சொல்றாங்க. இப்படியே போனா அந்த நாற்காலிக்கு வேற ஆள் பாக்க வேண்டியதுதான்" என்றார். அதோடு புகார் நின்றது. எல்லாம் தன் கைத்திறன் என்று இவர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

போன வாரம்தான் விஷயம் வெளிப்பட்டது. வந்திருந்த குழு தினமும் ஒரே வரிசையில் வாசித்ததால், ஒவ்வொரு குமிழும் நிற்கவேண்டிய இடத்தில் காகிதப் பட்டை ஒட்டிப் பென்சிலால் கோடு போட்டு வைத்தார். மாலை ஒத்திகை முடிந்து டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், ஆறாவது குமிழ் கோட்டிலிருந்து கால் சுற்று கீழே இருந்தது. மணி, சலங்கை மாதிரியான கீச்சு ஓசைகளை ஏற்றி இறக்குகிற குமிழ் அது. திருப்பி ஏற்றினார். மறுநாளும் இறங்கியிருந்தது. அதற்கு மறுநாளும். சனிக்கிழமை முன்வரிசையில் இரண்டு பேர் காதைப் பொத்திக்கொண்டு எழுந்து பின்னால் போனார்கள். அந்தப் பழியும் மைத்துனன் தலையில்தான் விழுந்தது.

"இது எதுக்கு அத்தான், அது எதுக்கு அத்தான்" என்று ஆறு மாதமாக மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தவன் அவன்தானே? விளக்குப் போடுகிறவனுக்கு ஒலி மேசையில் என்ன வேலை?

"உன் தம்பி என் வயித்துல அடிக்கப் பாக்குறான்" என்று மனைவியிடம் சொன்னார்.

"அவன் அப்படிப்பட்டவன் இல்லீங்க" என்றவள், முகத்தைப் பார்க்காமல் துணி மடிக்கப் போய்விட்டாள். தம்பி பாசம் என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

இந்த வாரம் வந்த குழுவில், கை நிறையச் சின்னஞ்சிறு மணிகளைக் கோத்துக் குலுக்கும் ஒரு பெண் இருந்தாள். ஒத்திகை முடிந்ததும் பாம்புச்செவி ஆறாவது குமிழைத் தன் மனசுக்குப் பிடித்த இடத்தில் வைத்தார். பில்லியர்ட்ஸ் மேசையிலிருந்து எடுத்துவந்த நீலச் சுண்ணத்தை அதன்மேல் தேய்த்தார். "நான் டீ குடிக்கப் போறேன்!" என்று ஊருக்கே அறிவிப்பதுபோல் கத்திவிட்டு வெளியேறினார்.

திரும்பி வந்தபோது குமிழ் கால் சுற்று இறங்கியிருந்தது. நீலம் பாதி கலைந்திருந்தது. மைத்துனன் ஏணி உச்சியில் விளக்கு மாட்டிக்கொண்டிருந்தான்.

"கீழ இறங்குடா. கையைக் காட்டு."

"என்ன அத்தான், ரேகை பாக்கப் போறீங்களா?"

உள்ளங்கை முழுக்க ஏணியின் கறுப்பு மசி. விரல் விரலாகப் பிடித்து, நகக்கண் வரைக்கும் பார்த்தார். நீலம் இல்லை.

"என்ன அங்க ரகளை?" என்று கேட்டுக்கொண்டே மனைவி டிக்கெட் கட்டோடு படியிறங்கி வந்தாள். நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கினாள். ஒதுக்கிய இடத்தில் நீலமாக ஒரு கோடு விழுந்தது.

"நீயா?"

அவள் விரலைப் பார்த்தாள். பொய் சொல்லவில்லை. "நான்தாங்க. ஆறு மாசமா."

"என் பொழப்புலயா விளையாடுற?"

"உங்களுக்குக் கீச்சுச் சத்தம் கேக்கலைங்க. காலையில அலாரம் அடிக்குது, நீங்க அசையுறதில்ல. வெளிய போறவங்க காதைத் தேய்ச்சுக்கிட்டு என்கிட்டத்தானே சொல்லிட்டுப் போறாங்க? எதைத் தொடணும், எவ்வளவு இறக்கணும்னு தம்பியை உங்ககிட்டக் கேட்டு வரச் சொன்னேன். உங்களைப் பாம்புச்செவின்னு கூப்பிடுறாங்க. உங்க முகத்தைப் பாத்து எப்படிங்க சொல்றது?"

"என் காதைப் பத்தி நீ பேசுறியா?"

மேடையில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் குலுக்கச் சொல்லிக் கையசைத்தார். அவள் குலுக்கினாள். அவள் கை ஆடியது தெரிந்தது. அவர் காதில் விழுந்ததெல்லாம் மூலையில் ஓடிய மின்விசிறியின் உறுமல்தான். குமிழை ஏற்றினார். இன்னும் ஏற்றினார். மனைவி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். குலுக்கியவளே திடுக்கிட்டு நிறுத்தினாள்.

"போதும் அத்தான்!" மைத்துனன் இரண்டு காதையும் பொத்தியிருந்தான்.

மேசையில் சின்னதாகச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சத்தம் அளவு மீறினால் எரிவது. காது இருக்கிறவனுக்கு அது எதற்கு என்று பதினேழு வருஷம் நக்கலடித்திருக்கிறார்.

அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. திருடனைச் சோதிப்பதுபோல் மைத்துனனின் நகத்தைப் பிடித்துப் பார்த்த கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அழுகை வந்தது. அடக்கவில்லை.

பிறகு கழுத்தில் கிடந்த ஹெட்போனைக் கழற்றினார்.

"மச்சான், வா. இங்க உக்காரு."

"நான் எப்படி அத்தான்..."

"ஆறாவதை நீ வை. நாற்காலிக்குப் பின்னங்கால் ஒண்ணு ஆடும், பாத்து உக்காரு."

மைத்துனன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து குமிழை மெதுவாக இறக்கினான். மேடையில் அந்தப் பெண்ணின் கை மறுபடி ஆடத் தொடங்கியது. சரியாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, பாம்புச்செவி மனைவியின் முகத்தைப் பார்த்தார்.