நாள் குறிக்க வந்தவர்கள் போட்ட படம்

மருதமுனையில் கலியாணம் ஒன்று முடிந்தால், பெண்கள் சாப்பாட்டைப் பற்றித்தான் முதலில் கேட்பார்கள். றஸ்மி கல்முனையில் இருக்கிற தன் கடையில் கலியாண வீடியோவைப் புளூரேயில் அடிக்கத் தொடங்கிய பிறகு கேள்வி மாறிவிட்டது.

"டிவிடியா, புளூரேயா?"

"டிவிடிதானாம்."

"பாவம். ஒரே ஒரு பொம்புளப் புள்ள, அதுக்குமா டிவிடி?"

இதற்குப் பயந்தே புளூரே பெட்டி இல்லாத வீட்டாரும் டிஸ்க்கை மட்டும் வாங்கி, கண்ணாடி அலுமாரியில் பீங்கான் கோப்பைகளுக்கு நடுவே நிறுத்தி வைத்தார்கள். பழைய டெக்கில் போட்டால் அது உள்ளே இழுத்து, கொஞ்சம் யோசித்து, வெளியே துப்பிவிடும். துப்பினால் என்ன, வருகிறவர்களுக்கு டிஸ்க்கின் நீல உறை தெரிந்தால் போதும். பழைய டிவிடிகளைச் சவளக்கடை வயல்களில் நூலில் கட்டித் தொங்கவிட்டார்கள். வெயிலில் மின்னும், கிளி இறங்காது. சரீபாவின் புருசன் முகைதீன்பாவாவும் ஒரு பை நிறையக் கொண்டுபோய்க் கட்டினார்.

புளூரே பார்க்க அழைத்த வீடெல்லாம் சரீபா போனாள். பார்த்தாள் என்று சொல்வது ஒரு பேச்சுக்குத்தான். நாலைந்து வருசமாகப் பொழுதுபட்டு மஃரிபுக்குப் பிறகு அவளுக்கு ஒன்றும் தெரிவதில்லை. இப்போது பகலிலும் கண்ணுக்குள் புகை. எவ்வளவு பெரிய டிவி என்றாலும் அது புகைக்குள் அசைகிற வெளிச்சம்தான். ஆனால் மற்றப் பெண்கள் சொல்வது காதில் விழுமே.

"மாஷா அல்லாஹ், இமை மயிர எண்ணலாம்."

"சாறிட நூல் கூடத் தெரியிது."

"டிவிடியெல்லாம் இனிக் குப்பதான்கா."

கேட்டதைக் கேட்டபடியே பாடமாக்கிக்கொண்டு, அடுத்த வீட்டில் எல்லாருக்கும் முதல் சொல்லிவிடுவாள். முதலில் சொல்கிறவளை யாரும் சந்தேகப்படுவதில்லை.

மகள் அப்னாவுக்கு மட்டும் விசயம் தெரியும். தாயும் மகளும் அதைப் பற்றி ஒருநாளும் வாய் திறந்து கதைத்ததில்லை. ரோட்டில் போகும்போது, "பக்கீர் முகைதீன் மாமா வாறார், வலப்பக்கம்" என்று அப்னா உதடு அசையாமல் சொல்வாள். சரீபா வலப்பக்கம் திரும்பி, "மாமா, சுகமா இரிக்கீங்களா?" என்பாள்.

ஒளித்ததற்குக் காரணம் இருந்தது. சரீபாவின் உம்மாவும் கடைசிக் காலத்தில் சுவரைத் தடவி நடந்தவள். தாய்வழியாகக் குடி, அதாவது வம்சம், வருகிற ஊர் இது. பெண் பேச வருகிறவர்கள் தாயின் குடியைத்தான் முதலில் விசாரிப்பார்கள். குடியோடு ஒரு கண் வருத்தம் வருகிறது என்று பேச்சு எழும்பிவிட்டால் அந்த வாசலை யாரும் மிதிக்க மாட்டார்கள். யாருக்கும் தெரியாமல் ஒருமுறை கண் டொக்டரிடம் போனாள். "இது பரம்பரையா வாறதும் உண்டு. மகளையும் ஒருக்காக் கூட்டி வாங்க" என்றார் அவர். சரீபா மகளைக் கூட்டிப் போகவில்லை. அவளும் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை.

அப்படி ஒளித்து ஒளித்துத்தான் அப்னாவுக்கு ஒரு மாப்பிள்ளை சரிவந்தது. றஸ்மியின் தம்பி றிப்தி, கட்டாரில் வேலை. நாள் குறிப்பதற்காக றஸ்மியும் பெண்கள் மூவரும் வான் வண்டியில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளையின் உம்மா ஹாஜறா, அவளுடைய மூத்த மகள் முஸ்பிறா, றஸ்மியின் பெண்சாதி ஸப்னா. கடையிலிருந்து புளூரே பெட்டியையும் றஸ்மி கொண்டு வந்திருந்தான்.

அப்னாவுக்குச் சீதனமாகக் கட்டிய புது வீட்டின் ஹோலில் அவர்களை இருத்தினாள் சரீபா.

"ஊடு நல்லா வந்திரிக்கி மச்சி" என்றாள் ஹாஜறா.

"எல்லாம் உங்கட மகன் வந்து இரிக்கப்போற ஊடுதானே மச்சி."

"குசினிதான் கொஞ்சம் ஒடுக்கம்."

"பெருப்பிப்பம் மச்சி."

"டிவியும் சின்னன்."

"மாத்துவம்."

கூரையைக் கழற்றச் சொல்லியிருந்தாலும் அன்றைக்கு சரீபா ஓம் என்றிருப்பாள். ஒரு நாள் குறிபட்டு, ஒரு பாத்திஹா ஓதி, இவர்கள் எழும்பிப் போய்விட்டால் போதும். பிறகு கண்ணாவது காதாவது.

றஸ்மி வயரைச் செருகிவிட்டு நிமிர்ந்தான். "மாமி, எங்கட கலியாணம்தான் போட்டுக் காட்டப் போறம். அப்னாட கலியாணத்தையும் இதே தரத்தில அடிப்பம். நான் வெளிய மாமாவோட இரிக்கன்." அவன் முன்வாசலில் முகைதீன்பாவாவிடம் போய்விட்டான்.

அப்னா தாயின் கதிரைக்குப் பின்னால் நின்றாள். முஸ்பிறா அவளைப் பார்த்துச் சிரித்தாள்.

"அப்னா, தேத்தண்ணிய நீங்களே ஊத்திக் கொண்டு வாங்களன். கைப்பக்குவத்தப் பாப்பம்."

"தேத்தண்ணி ஆகிட்டு மச்சி, உம்மாட பக்கத்தில ஒராள்..."

"உம்மாவ நாங்க தின்னமாட்டம். போங்க."

அப்னா குசினிக்குப் போனாள். முஸ்பிறா எழும்பிப் பெட்டியில் டிஸ்க்கைப் போட்டாள். நாகஸ்வரக் கீபோட் ஒன்று அலறியது. சரீபாவின் புகைக்குள் சிவப்பும் மஞ்சளுமாக ஏதோ நகர்ந்தது.

"இதுதான் புளூரே மாமி. எப்பிடி?"

"மதினி, இது..." என்று ஸப்னா ஏதோ தொடங்கி, "ஆவ்" என்று நிறுத்தினாள். கிள்ளுப்பட்ட சத்தம் அது என்று சரீபாவுக்குப் பிடிபடவில்லை. ஒருவரும் புகழாதது மட்டும் பிடிபட்டது. விருந்தாளி கொண்டுவந்த பொருளைப் புகழாமல் இருப்பது மரியாதை இல்லையே என்று முந்திக்கொண்டாள்.

"மாஷா அல்லாஹ்! இமை மயிர எண்ணலாம் போல இரிக்கி!"

"ஓமா மாமி?"

"பின்ன! சாறிட நூல் கூடத் தெரியிது. டிவிடியெல்லாம் இனிக் குப்பதான்கா."

"ஸப்னாட நெக்லஸ் கல்லும் தெரியிதா?"

"நல்லாத் தெரியிது."

"என்ன நிறம் மாமி?"

சரீபா கொஞ்சம் பிந்தினாள். கலியாண செட் என்றால் அனேகமாகச் சிவப்பு. "சிவப்புத்தானே. சோக்கா மினுங்கிது."

முஸ்பிறா கீபோட்டின் சத்தத்தைக் குறைத்தாள்.

"இப்ப திரையில ஸப்னா இல்ல மாமி. ஸப்னாட வாப்பா நிக்கார்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சரீபாவும் சேர்ந்து சிரித்துச் சமாளித்திருப்பாள்.

"இது புளூரேயுமில்ல. பழைய டிவிடி. மொகமெல்லாம் கரைச்ச மா மாதிரிக் கிடக்கு. புளூரே இந்தா, என்ட மடியில இரிக்கி."

"மதினி, போதும் உடுங்க" என்றாள் ஸப்னா மெல்ல.

"என்னத்தப் போதும்? ஒண்ட கலியாணத்தில உம்மா நீட்டின கைய இவ தாண்டிப் போனா. பெரும புடிச்ச பொம்புளயெண்டு உம்மா ஒரு மாசம் ஏசினா. நான்தான் சொன்னன், பெரும இல்ல, கண்ணப் பாருங்கெண்டு. இப்ப பாத்தாச்சி."

"மூக்குக் கண்ணாடி அறைக்குள்ள இரிக்கி மச்சி, அதான்..." சரீபா ஹாஜறா இருக்கிற பக்கம் திரும்பினாள்.

"நீங்க கண்ணாடி போட்டு நான் ஒருநாளும் காணல்லயே" என்றாள் ஹாஜறா. "உங்கட உம்மாக்கும் இதுதானே வந்த?"

"அது வயசுக்கு வந்த மச்சி."

"என்ன வயசு? அவ மௌத்தாகக்குள்ள அம்பது கூட இல்ல."

அந்த நேரத்தில் குசினிக் கதவு திறந்தது. கோப்பைகள் தட்டில் கிலுங்கின. முஸ்பிறா குரலில் சீனி போட்டாள்.

"வாங்க அப்னா. உங்களுக்கும் உங்கட உம்மாக்கும் ஒரு சின்னப் போட்டி. உம்மா புளூரேயெண்டு சொல்லிட்டா. திரையில ஓடுறது புளூரேயா, டிவிடியா?"

கோப்பைகளின் சத்தம் நின்றது. மகள் தன்னைப் பார்க்கிறாளா, திரையைப் பார்க்கிறாளா என்று சரீபாவுக்குத் தெரியவில்லை.

"புளூரேதானே மச்சி" என்றாள் அப்னா. "உம்மா சொன்ன மாதிரித்தான். நல்ல தெளிவு."

சரீபாவுக்கு உயிர் வந்தது. மகளும் சொல்லிவிட்டாள், அப்போ முஸ்பிறாதான் பொய் சொல்லி விளையாடுகிறாள் என்று ஒரு கணம் நினைத்துவிட்டாள். அந்தக் கணம் முடிவதற்குள் ஹாஜறாவின் குரல் கேட்டது. யாராவது செத்துவிட்டால் மையித்து வீட்டில் சொல்கிற சொல்.

"இன்னா லில்லாஹி. மகளுக்கும் வந்திட்டு."

"இல்ல மச்சி! அவக்கு ஒண்டுமில்ல! அவ எனக்காக..."

"நாளப் பொறகு பாப்பம். முஸ்பிறா, எழும்பு. றஸ்மியக் கூப்பிட்டுப் பெட்டியக் கழட்டச் சொல்லு."

"தேத்தண்ணியாச்சும் குடிச்சிட்டு..."

"வேணாம் மச்சி. வயிறு சரியில்ல."

றஸ்மி வந்தான், ஒருவர் முகத்தையும் பாராமல் வயரைச் சுற்றினான், பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். முன்வாசலில் முகைதீன்பாவா, "என்ன மருமகன், நாள் குறிச்சாச்சா?" என்று கேட்பதும், "பொறகு சொல்லியனுப்புறம் மாமா" என்று அவன் சொல்வதும் உள்ளே கேட்டது. பெண்களின் செருப்புச் சத்தம் வாசலைத் தாண்டியது.

சரீபா எழும்பி மகளின் கையைத் தேடிப் பிடித்தாள்.

"உண்மையச் சொல்லு. உனக்குத் தெரிஞ்சதா, இல்லயா?"

"உள்ளுக்கு வந்தவுடனே தெரிஞ்சது. மொகமெல்லாம் ஊத்தையாக் கிடந்தது. அது டிவிடி."

"பின்ன ஏன் அப்பிடிச் சொன்ன, அறிவு கெட்டவளே!"

"அவங்களுக்கு நடுவில நீங்க தனிய இரிந்தீங்க."

"நான் தனிய இரிந்தா என்ன? செத்தா என்ன? எனக்கா கலியாணம்?"

"உம்மா..."

"வா. வந்து சொல்லு அவங்களுக்கு."

சரீபா மகளை இழுத்துக்கொண்டு, முன்வாசலில் நின்ற முகைதீன்பாவாவைத் தாண்டி, கேட்டடிக்கு வந்தாள். வான் இன்னும் புறப்படவில்லை. றஸ்மி பின்கதவால் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தான். பக்கத்து வீட்டு வேலிக்கு மேலால் இரண்டு தலைகள் எழும்பியதை அப்னா கண்டாள். சரீபா காணவில்லை, அதனால் சத்தமாகவே கதைத்தாள்.

"ஹாஜறா மச்சி! கண்ணு போனது எனக்குத்தான்! எனக்கு மட்டும்தான்! புள்ள என்னக் காப்பாத்தப் பொய் சொன்னவ. வேணுமெண்டா எதையும் கேட்டுப் பாருங்க!"

வான் கண்ணாடி இறங்கியது. முஸ்பிறாதான்.

"அப்ப கேக்கன். அந்தா, பள்ளிச் சந்தியில ஒரு ஓட்டோ நிக்கிதே, தெரியிதா? அதுட நம்பர வாசிக்கட்டும்."

"வாசிப்பா! ஏன் வாசிக்கமாட்டா!" சரீபா சந்தி இருக்கிற திசையில் கையை நீட்டினாள். "அந்தா நிக்கிது மகள், நல்லாத் தெரியிதே, வாசிச்சுக் காட்டு!"

வானுக்குள் ஒரு சிரிப்பு வெடித்து அடங்கியது. அப்னா சந்தியையே பார்த்து நின்றாள்.

"சொல்லு மகள். என்ட தங்கமெல்லோ. ஒரு நம்பர்தானே. சொல்லு!"

அப்னா தாயின் பிடியிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

"அங்க ஓட்டோ ஒண்டுமில்ல" என்றாள். வானைப் பார்த்துத்தான் சொன்னாள். "வெறும் சந்தி. மதிலுக்குக் கிட்ட ஒரு ஆடு நிக்கிது. கயிறு அறுந்து கழுத்தில தொங்கிது. ஆட்டுக்கு அங்கால ஒரு பைசிக்கிள் சாத்தியிரிக்கி, பின் மட்காட் இல்ல. போதுமா?"

நீட்டிய கையைச் சரீபா உடனே இறக்கவில்லை.

"போதும், போதும்" என்றாள் முஸ்பிறா. "கண்ணு சோக்காத்தான் இரிக்கி. அப்ப உள்ளுக்கு எங்கட மொகத்தப் பாத்துக்கிட்டே பொய்தானே சொன்ன?"

ஹாஜறா மகளுக்கு மேலால் சாய்ந்து கண்ணாடிப் பக்கம் வந்தாள். அவள் குரலில் கோபமே இல்லை.

"நல்ல கண்ணு, மகள். அல்லாஹ் அப்பிடியே வெச்சிரிக்கட்டும். ஆனா இந்த வயசில உங்கட உம்மாக்கும் நல்லாத்தான் இரிந்திரிக்கும். என்ட மகன் கட்டார்ல கெடந்து உழைக்கிறது, நாளைக்கு ஒராளக் கையில புடிச்சுக் கக்கூசுக்குக் கொண்டு போறதுக்கில்ல. றஸ்மி, எடு வண்டிய."

வான் போனது. பெற்றோல் புகை கொஞ்ச நேரம் நின்றது. வேலித் தலைகள் இறங்கி, அந்தப் பக்கம் குசுகுசு தொடங்கியது. அதைச் சரீபா துல்லியமாகக் கேட்டாள்.

"மெய்யாவே அங்க ஒண்டும் நிக்கல்லயா?"

"இல்ல உம்மா."

"நான் நிக்கிதெண்டு சொல்லக்குள்ளயே என்ட கைய ஒருக்கா அமத்தியிரிக்கலாமே. இவ்வளவு நாளும் செஞ்சவதானே நீ. இண்டைக்கு மட்டும் சந்தியில வெச்சி உம்மாவ உரிச்சிட்டியே."

"உள்ளுக்குப் பொய் சொன்னதுக்கும் நீங்கதான் ஏசினீங்க."

"ஏசுவன். பொய் சொன்னதுக்கும் ஏசுவன், மெய் சொன்னதுக்கும் ஏசுவன். ரெண்டாலயும் உனக்கு ஒண்டும் கிடைக்கல்லயே, மூதேவி."

அப்னா கேட்டைத் தள்ளித் திறந்து வீட்டுக்குள் போனாள். கேட் திரும்பி வந்து கொளுக்கியில் இடித்துச் சாத்திக்கொண்டது.

வெயில் இறங்கத் தொடங்கியிருந்தது. சரீபா ரோட்டில் நின்றபடி, "அப்னா" என்றாள். பிறகு இன்னும் கொஞ்சம் தாழ்ந்த குரலில், வேலிக்கு அந்தப் பக்கம் கேட்காமல், "புள்ள" என்றாள். உள்ளே கோப்பைகளைக் கழுவுகிற சத்தம் வந்தது. அவள் இரண்டு கையையும் முன்னால் நீட்டி மதிலைத் தேடினாள்.