பருத்திக்கு ஒரு வாய்

"அடியே மோர்க்காரி, உள்ளே போனவ போனவதான், நான் இங்க—"

"வாயை மூடுய்யா கள்ளுப்பானை, பசியில வந்து நிக்கிறேன்—"

"—மாடு ஏதாவது குறுக்க போச்சா? அது பின்னாடியே போயிட்டியோன்னு நினைச்சேன்!"

"—முதல்ல ஒரு காபி வாங்கிக் கொடு! காராமணியாத் தின்னு தின்னு காதும் அடைச்சுப்போச்சா உனக்கு?"

உலக வர்த்தக மாநாட்டின் காபி வரிசையில் முன்னால் நின்ற நார்வேக்காரர் திரும்பிப் பார்த்தார். கைகலப்பு வந்துவிடுமோ என்று பயந்தவர் போலக் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்.

ஒன்றும் வராது. பெந்தா, மாடு மேய்க்கும் ஃபுலானி இனத்துப் பெண். பக்கத்து நாட்டுப் பிரதிநிதி லசினா சனூ, உழுது பிழைக்கும் போபோ இனத்தவர். பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து இரண்டு இனத்துக்கும் கேலிமுறை. என்ன சொல்லித் திட்டினாலும் கோபப்படக் கூடாது. பெந்தாவின் கணவர் இறந்த அன்று லசினா எல்லை தாண்டி அவள் ஊரான சிகாசோவுக்கு வந்தார். வாசலில் கிடந்த செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு, "அளவு சரியா இருக்கு. இனி அந்த ஆளே எழுந்து வந்து கேட்டாலும் தரமாட்டேன்" என்றார். அழுதுகொண்டிருந்த பெந்தா அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டாள்.

இன்று அவள் வழக்கத்தைவிடச் சத்தமாகத் திட்டினாள். பேசிக்கொண்டே இருந்தால், உள்ளே என்ன நடந்தது என்று அவர் கேட்கமாட்டார்.

அவர் கேட்டுவிட்டார். "சரி, சொல்லு. அந்த வாக்கியத்தைச் சொன்னியா? மூஞ்சி எப்படிப் போச்சு அவங்களுக்கு?"

அந்த வாக்கியத்தை நான்கு நாட்டுக்காரர்களும் சேர்ந்து செதுக்கியிருந்தார்கள். நான்கும் பருத்தி விளையும் ஆப்பிரிக்க நாடுகள். பணக்கார நாடுகள் தங்கள் விவசாயிகளுக்கு மானியத்தை அள்ளிக் கொட்டுவதால் இவர்கள் பருத்தியின் விலை விழுந்துகிடக்கிறது. மானியத்தை எந்த வருஷத்துக்குள் நிறுத்துவீர்கள் என்று தேதி வேண்டும். தேதி இல்லாத ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் இல்லை; தனித்தனியாகப் பேரமும் இல்லை. நால்வரும் கையடித்துச் சொல்லிக்கொண்டார்கள்.

காலையில், சிலர் மட்டும் உட்கார்ந்து பேசி முடிக்கும் சின்ன அறைக்கு அழைப்பு வந்தது. நாலு நாட்டுக்கும் சேர்த்து ஒரே நாற்காலி. முறைப்படி லசினாதான் போகவேண்டும். அவர்தான் அவளைத் தள்ளிவிட்டார். "நான் மரியாதையாப் பேசியே கெடுத்துடுவேன். நீ போ. உனக்குத்தான் வாய் பெருசு."

பெந்தா காபிக் கோப்பைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குள் ஓர் ஊழியர் வந்து ஒப்பந்த வரைவின் புது நகல்களைப் பக்கத்து மேசையில் வைத்துவிட்டுப் போனார். லசினா மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். படித்தார். முதல் பக்கத்துக்குத் திரும்பி மறுபடி படித்தார்.

"'உரிய காலத்தில்'னு போட்டிருக்கான். தேதியே காணோமே?" என்றவர் சட்டென்று சிரித்தார். "பழைய நகலைக் கொடுத்துட்டுப் போயிட்டான் பாரு! இவனுங்க வேலையே இப்படித்தான். வா, போய் மாத்தித் தரச் சொல்லுவோம்."

அவர் கிளம்பியே விட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் இன்றைக்குத் தப்பிக்கலாம். அந்த வார்த்தை அவள் நாக்கு வரைக்கும் வந்தது.

"லசினா, நில்லு. அது புது நகல்தான்."

"என்ன சொல்றே?"

"ஆட்சேபம் உண்டான்னு கூட்டத் தலைவர் கேட்டார். ரெண்டு தடவை கேட்டார். நான் மைக் பட்டனை அழுத்தலை."

ஆட்சேபம் சொல்லாதவர் ஒப்புக்கொண்டவர். அந்தக் கட்டடத்தில் அதுதான் சட்டம். அவருக்கு விளக்க வேண்டியதில்லை.

"உடம்புக்கு ஏதாவது..."

"உடம்பு நல்லாத்தான் இருக்கு. உள்ளே போறப்போ கதவுகிட்ட, மானியம் கொடுக்கிற அந்தப் பெரிய நாட்டு ஆள் நின்னான். எங்க மாம்பழத்துக்கு இருக்கிற தடையை எடுத்துடறேன்னான். இன்னைக்குப் பருத்தியைப் பத்தி வாயைத் திறக்காம இருந்தாப் போதும்னான். சிகாசோ ரோட்டோரத்துல மாம்பழம் அழுகிக் கிடக்கிறதை நீயும் பார்த்திருக்கே லசினா. அந்த நாத்தத்தைத்தான் நினைச்சேன். உங்க மூணு பேரையும் நினைக்கலை." நிறுத்தினாள். "இல்லை, நினைச்சேன். நினைச்சுட்டுத்தான் சும்மா இருந்தேன்."

வரிசை நகர்ந்திருந்தது. லசினா போய் ஒரு காபி வாங்கி வந்தார், ஒன்றே ஒன்று. அவள் போட்டுக்கொள்கிற மாதிரியே மூன்று சர்க்கரை போட்டுக் கலக்கினார். மாட்டு வால், மோர், தொலைந்த கன்றுக்குட்டி என்று ஏதாவது வரும், இப்போது வரும் என்று அவர் வாயையே பார்த்திருந்தாள் பெந்தா.

இரண்டு கையாலும் கோப்பையை அவள் முன் வைத்தார்.

"எடுத்துக்குங்க, மேடம். களைப்பா இருப்பீங்க. மத்த ரெண்டு பேருக்கும் நானே சொல்லிடறேன்."

நகலை நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு கதவை நோக்கி நடந்தார். நார்வேக்காரர் நிம்மதியாகப் புன்னகைத்து வழிவிட்டார்.

"யோவ்! காராமணி தின்னி! திட்டிட்டுப் போய்யா!"