கை குலுக்கும் வரை

அன்று காலை தபித்தாவுக்கு வந்த எரிச்சலில், கிரேகில் ஊர்க் குவேக்கர் கிறிஸ்தவச் சபைக் கூடத்துக் கல்லறைத் தோட்டத்தின் நனைந்த புல்கூடப் பற்றிக்கொண்டிருக்கும். பழமையான கட்டடங்களைக் காக்கும் துறையிலிருந்து வந்திருந்த மிஸ் ஹாலம்தான் காரணம். குடையைச் சாய்த்துக்கொண்டு கல்லறைக் கற்களை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தாள்.

"முந்நூறு வருஷம்! எல்லாக் கல்லும் ஒரே உயரம். பணக்காரன், ஏழைன்னு வித்தியாசமே இல்ல. இந்த இடத்தோட மதிப்பே இதுதாங்க."

"அதான் இந்த இடத்த விக்கிறாங்களா?" என்றாள் தபித்தா.

"கட்டடத்த யாரும் இடிக்க முடியாது. கல்லுங்களயும் பத்திரமா எடுத்து மதிலோரம் சாத்தி வச்சிடுவாங்க. வாங்கறவர் இங்க கார் நிறுத்திக்குவார், அவ்வளவுதான்."

"கல்லு பத்திரம். அடியில படுத்திருக்கிற என் புருஷன்?"

மிஸ் ஹாலம் குடையைச் சரிசெய்துகொண்டாள்.

தபித்தாவின் கணவர் சைலஸ் இறந்தபோது அவள் வைத்த கல் மற்றவற்றைவிட நாலு விரல் உயரம். சைலஸின் அண்ணன் அம்ப்ரோஸ் ஆள் வைத்து அதை அறுத்துவிட்டார். அந்த நாலு விரலில் பொறித்திருந்த 'அன்புக் கணவர்' அதோடு போயிற்று. இந்தச் சபைக்கு மிஞ்சிய மூப்பர்கள் இவர்கள் இரண்டு பேர்தான். ஞாயிறுதோறும் கூட்ட முடிவில் கை குலுக்கியாக வேண்டும். தபித்தா விரல் நுனியை மட்டும் நீட்டுவாள். வீட்டுக்குப் போனதும் அதையும் சோப்புப் போட்டுக் கழுவுவாள்.

அம்ப்ரோஸ் சாவிக்கொத்தோடு வந்தார். கூரை ஒழுகுகிறது, வர ஆளில்லை என்று தலைமைச் சபையிடம் சொல்லிச் சொல்லி விற்பனைக்குச் சம்மதம் வாங்கியவர் அவர்தான். இன்றைய கூட்டமே கடைசி. அது முடிந்ததும் சாவி கைமாற வேண்டும். வாங்குபவரின் கார் வாசலில் நின்றது.

"என்ன இவ்வளவு பெரிய பை? குடி வரப் போறியா?"

"உன் தலையிலயா தூக்கி வச்சிருக்கேன்?"

பட்டம், மரியாதைப் பன்மை எதுவும் குவேக்கர்களிடம் கிடையாது. ராஜாவே வந்தாலும் நீதான். சண்டைக்கு அது ரொம்ப வசதி.

மூவரும் உள்ளே போய் உட்கார்ந்தார்கள். வழக்கம்போல் பாட்டில்லை, பிரசங்கமில்லை. ஒரு மணி நேரம் மௌனம். பிறகு அம்ப்ரோஸ் கையை நீட்டினார்.

தபித்தாவின் கைகள் மடியை விட்டு அசையவில்லை.

"தபித்தா, நேரமாச்சு."

"ஆகட்டும்."

"கையக் குடு."

"மாட்டேன்."

மிஸ் ஹாலம் தயங்கித் தயங்கி, "வேணும்னா நான் குடுக்கட்டுமா?" என்றாள்.

"நீ மூப்பரா?" என்று இருவரும் ஒரே குரலில் சீறினார்கள்.

"வெளியில ஆள் காத்துக்கிட்டிருக்கான்," என்றார் அம்ப்ரோஸ்.

"நிக்கட்டும். நாலு விரல் அதிகம்னு கல்லை அறுத்தியே, அன்னிக்கு என்ன சொன்ன? வழக்கம்னா வழக்கம், உனக்காக வளைக்க முடியாதுன்னு சொன்னியா இல்லையா? மூப்பர் ரெண்டு பேரும் கை குலுக்காம கூட்டம் முடியாது. அதுவும் வழக்கம்தான். முடிஞ்சுதுன்னு எழுந்து போயேன், பாக்கறேன்."

அம்ப்ரோஸின் முகம் கழுத்துவரை சிவந்தது. வெளியே ஹாரன் அடித்தது. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்தார். கதவைப் பார்த்தார். சொந்தத் தம்பியின் கல்லிலேயே விட்டுக்கொடுக்காத மனிதர். இந்தக் கதவைத் தாண்ட அவர் கால் வரவில்லை. மீண்டும் உட்கார்ந்தார்.

"அழுத்தக்காரி!"

"ஆமா."

ஹாரன் மறுபடி அடித்து, சலித்து, ஓய்ந்தது. மிஸ் ஹாலம் ஓசைப்படாமல் நழுவினாள். கூடத்தில் குளிர் ஏறியது. தபித்தா பையைத் திறந்து ஒரு கம்பளிப் போர்வையை எடுத்து முழங்காலில் விரித்துக்கொண்டாள். பக்கத்தில் அம்ப்ரோஸுக்குப் பற்கள் தந்தியடித்தன.

பையில் இன்னொரு போர்வையும் இருந்தது. அதை அவள் வெளியே எடுக்கவில்லை.